எல்லாமே வீட்டில் இருக்குமாமே!

ஒரு வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று பலசரக்குக் கடைக்காரியிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. செல்போனில் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனை காட்டுகிற தம்பி, நீ சொல்கிறாய். உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. வீடியோவில் தெரிவது இரண்டு கையும் ஒரு குரலும்தான். "எல்லாமே உங்க வீட்லயே இருக்கும் ஃப்ரெண்ட்ஸ்!" என்கிறாய். மறுநாள் காலையில் எங்கள் போடி ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை வாசலில் பாதிப் பள்ளிக்கூடம் நிற்கிறது. கடை வைத்திருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டுதானே?

வினிகர்

ஒரு அம்மாவும் ஆறாம் வகுப்பு மகளும் வந்தார்கள். எரிமலை செய்ய வினிகர் வேண்டுமாம். "வீட்லயே இருக்கும்னு சொன்னான்ல? அங்க போய்த் தேடுங்க" என்று எரிந்து விழுந்தேன். அந்த அம்மா அசரவில்லை. "எங்க வீட்ல புளிதான் இருக்கு. உங்க வீட்ல?"

என் வீட்டிலும் புளிதான். சரி, புளிப்புக்குப் புளிப்பு என்று ஒரு உருண்டையைக் கெட்டியாகக் கரைத்து டம்ளரில் ஊற்றி, ஒரு கரண்டி ஆப்பசோடாவைத் தட்டினேன். பொங்கிய பொங்கில் தராசு நனைந்தது, பில் புக்கு நனைந்தது. மகள் குதித்தாள். அம்மா குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எரிமலைக்குக் கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம்க்கா."

ஊதா முட்டைக்கோஸ்

பக்கத்து ஊர் தேவாரத்து விவசாயி ஒருவர் மகளுக்காக மார்க்கெட் முழுக்க அலைந்துவிட்டு வந்தார். ஊதா முட்டைக்கோஸ் சாற்றில் சோப்புத் தண்ணீர் விட்டால் ஒரு நிறம், எலுமிச்சை விட்டால் இன்னொரு நிறமாம். "வெளஞ்சதுல யானை தின்னது போக மிச்சத்தை விக்கிறவன்க்கா நான். யானையே இப்படி ஒரு கோசைப் பாத்திருக்காது" என்றார்.

"இருங்கண்ணே" என்று மஞ்சள்தூளைக் கரைத்தேன். சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டேன், ரத்தச் சிவப்பு. எலுமிச்சையைப் பிழிந்தேன், மறுபடி மஞ்சள். கைதட்டு வரும் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இது ஆரத்தித் தண்ணில்ல? இதுல சயின்ஸ் எங்கக்கா இருக்கு?"

நசுங்கிய பாட்டில்

செல்விக்கு மலைமேல், போடிமெட்டுக்கும் மேலே, ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் வீடு. இங்கே ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் நடக்கப்போகிற அறிவியல் கண்காட்சியில் தனக்கும் ஒரு மேசை வேண்டும் என்று அவளுக்கு உயிர். ஆனால் நீ சொல்கிற சாமான் ஒன்றுகூட அந்த லயத்தில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கி நேரே கடைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகையில் என்னிடம் வாங்கிய தண்ணி பாட்டில் கையில், காலியாக, இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போய். குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்ல பாட்டிலை மிதிச்சுப்புட்டு எங்கிட்டயே கொண்டாறியாடி?"

அவள் மூடியைத் திறந்தாள். 'புஸ்' என்றது, பாட்டில் தானாக நிமிர்ந்தது. மெட்டில் தண்ணீரைக் குடித்து முடித்து, இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தாளாம். வளைவுக்கு வளைவு ஜீப்பு இறங்க இறங்க அது ஒடுங்கியதாம். நானும் பன்னிரண்டு வருஷமாக மேலே லோடு அனுப்புகிறேன். சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் உப்பிப்போய்ச் சேர்கிறது, சரக்கு கெட்டுவிட்டது என்று மெட்டுக் கடைக்காரர் விலையைக் குறைக்க, நான் டிரைவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதே விஷயத்தை இந்தப் பிள்ளை தலைகீழாகக் கொண்டுவந்து நிற்கிறது. "அப்ப யாருடி நசுக்குனது?" என்றேன்.

"மேல காத்து லேசு, இங்க கனம். நான் நசுக்கல அத்தை, உங்க ஊருக் காத்துதான் நசுக்குச்சு."

அரை மேசை

அறிவியல் சார் அவளைக் கண்காட்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை. நானே பாட்டிலோடு போனேன். அவர் சண்டைக்காரர் இல்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். உன் வீடியோவில் உள்ளதைத்தான் செய்ய வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்றாம், ஒருத்திக்கு மாற்றினால் மற்றவர்கள் கேட்பார்களாம்.

சந்தையில் எவனிடமும் தோற்காத வாய் இது. மேசை வேண்டாம் சார், அரை மேசை என்றேன். அரை மேசையும் வேண்டாம், வாசல் ஓரமாக ஒரு ஸ்டூல் என்றேன். ஸ்டூலும் செல்வியே கொண்டுவருவாள் என்றேன். கடைசியில் அவர் கும்பிட்டுச் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமை கண்காட்சி. அதுக்குள்ள இது அந்த வீடியோவுல வந்தாக் காட்டுங்கக்கா, முன்வரிசையிலயே மேசை போடுறேன்."

ஆக, இத்தனை நாள் நான் திட்டிய உன்னிடமே வந்து நிற்கிறேன், தம்பி. ஒரு காலி பாட்டிலோடு மெட்டுக்கு ஏறு, மூடு, இறங்கு, படம் பிடி. ஜீப்புக்கு நான் சொல்லி வைக்கிறேன். செய்து பார்த்தவள் செல்வி என்று அவள் பேரைச் சொல். வெரசா சொல், வெள்ளிக்கிழமை நிற்காது. இல்லாததையெல்லாம் வீட்டில் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன வாய், எல்லா வீட்டிலும் நிஜமாகவே இருக்கிற காற்றை ஒரே ஒரு தடவை சொன்னால் தேய்ந்தா போய்விடும்?