நான்கு பட்டை ரேடியேட்டர்

என் இளைய மகன் ஸ்காட்லாந்தில் நிமோனியாவில் இறந்து இரண்டு மாதமாகிறது. "அறையில் சூட்டுக்குக் குறைவே இல்லை" என்று அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி எழுதியிருக்கிறாள்.

அதைச் சரிபார்க்கத்தான் இன்று ஜொகூர் பாருவில் ராவுத்தரின் இரும்புக் கடைக்குப் போனேன். அவரிடம் சீமைச் சாமான்களின் விவரப் புத்தகம் உண்டு. குளிர்நாட்டு அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தைக் கேட்டேன்.

"அலமாக்! இந்த வெயில்ல ரேடியேட்டராம்மா? எங்களையும் சேத்து அவிக்கவா?" என்று மலாய் கலந்து கேலி செய்தார்.

அறை குளிர்கிறது என்று மகன் எழுதிய பழைய கடிதத்தை விரித்தேன். அறை பதினான்கடி நீளம், பன்னிரண்டடி அகலம், பத்தடி உயரம். வடக்கே ஒரு ஜன்னல்.

பெருக்கி, புத்தகத்தின் அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தேன். வெந்நீர் ஓடும் இரும்புப் பட்டை ஒன்பது வேண்டும். கடிதத்தின்படி அவன் அறையில் இருந்தது நான்கு.

ராவுத்தருக்கு விஷயம் தெரியாது. "இன்னிக்கே எழுதிப் போடுங்கம்மா. தம்பி குளிர்ல கெடக்கப் போறாரு" என்றார்.

மகனின் அந்தக் கடிதத்துக்கு நான் அப்போதே பதில் எழுதிவிட்டேன். "சாக்குச் சொல்லாதே. இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டு படி."

கான்வென்ட்டில் படித்த காலத்தில் என் கணக்கில் எந்தக் கன்னியாஸ்திரியும் பிழை கண்டதில்லை. அளவுகள் மேலே இருக்கின்றன. யாராவது போட்டுப் பார்த்து, தப்பு என்று சொல்லுங்கள்.