‘இன்’ போட்டால் தீப்பிடிக்காது என்றேன்

கொரோனா ஓய்ந்து, கம்பெனிகள் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், கைப்பை தைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் பிரிவில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள். அதில் பிளஸ் டூ வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கூடுதலாக ஒரு உத்தியோகம் வந்து சேர்ந்தது: இங்கிலீஷ் டீச்சர்.

அதற்குக் காரணம் பக்கத்து மெஷினில் தைக்கும் என் தோழி. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், மிஸ் பேசியது புரியாமல் சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்த வருத்தத்தில், “தினம் நாலு வார்த்தை சொல்லிக் குடுங்கக்கா. சாப்ட்டுக்கினே கத்துக்கிறோம்” என்றாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரே எழுத்துகளில் தொடங்கும் வார்த்தைகளைக் கூட்டமாகச் சொல்லிக் கொடுப்பது என் வழி. அந்த வாரம் ‘இன்’ வாரம். கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் தவறு. டைரக்ட் என்றால் நேரடி, இன்டைரக்ட் என்றால் மறைமுகம். “முன்னால ‘இன்’ வந்தா அர்த்தம் தலைகீழாயிடும், அவ்ளோதான்” என்று அடித்துவிட்டேன்.

“அப்ப இன்கம்னா வராததா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“நம்ம சம்பளத்தப் பார்த்தா அப்டித்தான் தோணுது” என்றாள் இன்னொருத்தி. புரையேறும் அளவுக்குச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில், அது எவ்வளவு நல்ல கேள்வி என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மெஷினில் ஒட்டும் பசையைத் துடைக்க, கம்பெனியில் அப்போதுதான் புதிதாக ஒரு திரவம் வாங்கியிருந்தார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். மூலையில் நின்ற அதன் நீல டிரம்களைக் காட்டி, சிவப்பில் பெரிதாக இருந்த வார்த்தையைத் தோழி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “இன்... ஃப்ளேம... பிள். இதுவும் நம்ம ‘இன்’ தானக்கா?”

நான் ஒரு நொடி யோசித்திருக்கலாம். “ஃப்ளேம்னா தீ. ‘இன்’ போட்டுட்டா தீப்பிடிக்காதது” என்றேன். அவளாகக் கண்டுபிடித்த வார்த்தை என்பதால் எல்லோரும் கைதட்டினோம். டிரம்மில் தீ படம் போட்ட பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம்.

அடுத்த சில நாட்களில் ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே போய் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது மற்றவர்கள் பொறுப்பு. சுண்டல் என் பொறுப்பு. ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டு அடுப்படியில் சுண்டலைத் தாளித்தபடி, லீவில் இருந்த மகளிடம் என் வகுப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். இன்ஃப்ளேமபிள் கதைக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

“ம்மா, அது தப்பு. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுமே சட்டுனு தீப்பிடிக்கும்.”

“அது எப்படிடி? அப்ப ‘இன்’ எதுக்கு?”

“எல்லா ‘இன்’னும் தலைகீழாக்காதும்மா” என்று அவள் செல்போனில் அகராதியைத் திறந்து காட்டினாள். இரண்டுக்கும் ஒரே அர்த்தம் போட்டிருந்தது. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம், முந்தைய நாள் கிளம்பும்போது தோழி சொன்னது ஞாபகம் வந்தது. “அந்த டிரம் மேல பலகை போட்டு சாமி படத்த வச்சிட்டா உயரமா, லட்சணமா இருக்கும்க்கா.”

போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. உள்ளே நுழையும்போதே செல்போன்களை வெளியே பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் கடைவாசல்களில் வாழைக்கன்றும் பூசணிக்காயுமாக ஊரே கலகலவென்று இருந்தது. நான் ஹாரனை அழுத்தியபடியே போனேன்.

நான் உள்ளே ஓடியபோது, டிரம்மின் மேல் சாமி படம், மாலை, பொரி, தட்டில் கற்பூரம். கீழே, மெஷின் துடைத்த ஈரத் துணிகள் ஒரு குவியல். தோழி கையில் தீப்பெட்டி. ஃபேன் காற்றில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனதால், ஃபேனை நிறுத்த ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள்.

“கொளுத்தாத” என்று கத்தினேன். குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. ஓடிப்போய்த் தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

“என்னாக்கா ஆச்சு? நீங்கதான தீப்பிடிக்காதுன்னு சொன்னிங்க” என்றாள் தோழி.

“தப்பா சொல்லிட்டேன்டி. அது பிடிக்கும். பெட்ரோல் மாதிரி பிடிக்கும்.”

சேதி கேட்டு வந்த முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. டிரம்களை அன்றைக்கே தனி அறைக்கு மாற்றச் சொன்னார். சாமி படத்தை வெளியே வேப்பமரத்தடியில் வைத்து, சுண்டல் இல்லாமலே பூஜை நடந்தது. என் நைட்டியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லோரும் பழைய நிலைக்கு வந்தார்கள்.

பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்று, மதியம் நான் தனியாக மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இனிமேல் எந்த முகத்தோடு பாடம் சொல்வது? கொஞ்ச நேரத்தில் தோழி டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

“இன்னிக்கு என்னா வார்த்தைக்கா?”

“இன்னமுமா என்ன நம்புறீங்க?”

“தப்புன்னு தெரிஞ்சதும் போட்டது போட்டபடி ஓடியாந்தீங்க இல்ல. சொல்லுங்க.”

அன்றைக்கு ஒருத்தி கேட்ட வார்த்தைக்கு அர்த்தம் சரியாகத் தெரியவில்லை. முதல்முறையாக, “தெரியலடி, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இப்போது வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஆனால் எதையாவது தெரிந்த மாதிரி பேச வாய் வரும்போதெல்லாம், அந்த மாடிப்படியில் என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்தவர்களின் முகங்கள் தெரிகின்றன; அத்தனை பேர் நம்பும் வார்த்தையை ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சொல்வதுதான் அவர்களுக்கு நான் செய்யும் மரியாதை என்று தோன்றுகிறது.