ருசி பார்க்காத சொம்பு

எண்பதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு உப்புத்தண்ணீரை நல்லதண்ணீராக்கும் மிஷின் வந்தது. மாட்ட வந்த இன்ஜினியர் ஒல்லியானவர், சட்டைப்பையில் எப்போதும் சீப்பு. எந்தத் தண்ணீரைக் கண்டாலும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பார். அந்தப் பழக்கத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

"உள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. மோட்டார் தண்ணிய அதுல அமுக்கித் தள்ளும். தண்ணி ஊடுருவிப் போயிரும், உப்பு இந்தப் பக்கமே நின்னுரும்" என்றார்.

"நின்ன உப்பு எங்கன சார் போவும்?"

"மிச்சத் தண்ணியோட வெளிய போயிரும். அந்தக் குழாயப் பள்ளத்துல விட்டிருக்கோம்."

பள்ளத்தில்தான் எங்கள் தெரு. மிஷின் நின்ற மேலத்தெருவிலோ எங்கள் ஆட்கள் குழாயைத் தொடக் கூடாது. அடுத்த கோடைக்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை.

மறுபடி அவர் வந்தபோது அந்தத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுபோய் நீட்டினேன். "கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லுங்க சார்."

சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம்ப்பா, தெரியும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தண்ணீரின் உப்பா, என் தெருவா?