மற்ற வகுப்புப் பிள்ளை

ஜெர்மனியில், ஹனோவர் நகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பிரித்துத் தனி வகுப்பு வைத்தார்கள். என்னுடைய இரட்டைப் பெண்பிள்ளைகளில் மூத்தவள் அதற்குத் தெரிவானாள். இளையவள் பொது வகுப்பிலேயே இருந்தாள். தெரிந்த சனமெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னது. இளையவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதங்களில், இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் இடைவேளையில்கூட ஒன்றாக விளையாடுவதில்லை என்று ஆசிரியர்களுக்கு விளங்கியது. அவர்களைப் பழக வைப்பதற்கு ஒரு பின்னேரம் விழா வைத்தார்கள். பிரித்ததும் அவர்கள்தான், சேர்ப்பதற்கு எங்களைக் கேக் செய்துகொண்டு வரச் சொன்னதும் அவர்கள்தான். நானும் செய்துகொண்டு போனேன்.

பிள்ளைகள் மண்டபத்தின் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மற்ற வகுப்பில் தெரியாத ஒரு பிள்ளையிடம் போய்க் கை கொடுத்துப் பெயரைச் சொல்லும்படி ஆசிரியை சொன்னார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் என் இளையவள்தான் நடந்தாள். நேரே தன் அக்காவுக்கு முன்னால் போய் நின்று, கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னாள்.

பெற்றோரெல்லாம் சிரித்தார்கள். பகிடி விடுகிறாள் என்று நானும் சிரித்தேன். மூத்தவள் தன் வகுப்புக்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துத் தன் பெயரைச் சொன்னாள்.

வரும் வழியில், மூத்தவள் முன்னால் நடக்க, ஏன் அக்காவிடம் போனாய் என்று இளையவளைக் கேட்டேன்.

"தெரியாத பிள்ளையிட்டத்தானே, அம்மா, போகச் சொன்னவை" என்றாள்.