ஒய் அழுத்துவதற்கு முன்

சூளகிரியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். ஆர்டர் இல்லை, போகலாம் என்று காலையில் கம்பெனி வாசலிலேயே கான்ட்ராக்ட் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கியிருந்த அறையும் கான்ட்ராக்டருடையது, அதுவும் போயிற்று. பையில் இரண்டு சட்டை, ஒரு போர்வை. ஒரு தக்காளி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு மத்திகிரியில் இறக்கிவிட்டார்.

அங்கே ஒரு பிரவுசிங் சென்டரின் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. உள்ளே எல்லாத் திரையும் கறுப்பு.

"கரண்ட் இல்லீங்களாக்கா?"

"கரண்டு இருக்கு. நாந்தான் எல்லாத்தையும் கொன்னுட்டேன்." திருநெல்வேலிப் பேச்சு.

திருட்டு விண்டோஸ் வம்பு வேண்டாமென்று இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்ட கடை அது. வருகிறவர்கள் அதிலிருந்த சீட்டாட்டத்திலேயே உட்கார்ந்துவிட, அதை நீக்கும் கட்டளையை அக்கா போனில் யாரிடமோ கேட்டு அடித்திருக்கிறார். மெஷின் நீளமாக ஒரு பட்டியலைக் காட்டி, சரியா என்று கேட்டது. ஆமாம் என்பதற்கான ஒய்யை அழுத்தினார். திரையில் மாற்றம் எதுவும் தெரியாததால் மற்ற மெஷின்களிலும் அதையே செய்தார். அணைத்துப் போட்ட பிறகுதான் எல்லாம் கறுத்தது.

"பட்டியல படிக்கலீங்களா?"

"கம்பெனி லைன்ல இருந்தவ நான். பச்ச லைட் எரிஞ்சா அமுக்கணும். நின்னு படிச்சா சூப்பர்வைசர் வாயில விழணும்."

எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான் அமுக்கி வந்தவன்.

பெங்களூருவில் பழைய கம்ப்யூட்டர் கடையில் கொஞ்ச காலம் பெட்டி தூக்கியிருக்கிறேன். அங்கே இந்தக் கறுப்புத் திரையில் அடித்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். எட்டாவதோடு நின்றவன்; ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இருந்தாலும், "நான் பாக்கட்டுங்களா?" என்றேன்.

"இதுக்கு மேல கெடுக்க என்னல இருக்கு? சரி பண்ணிட்டா நாளையில இருந்து இங்கனயே வேல பாரு, பின்னால ரூம் இருக்கு. இல்லன்னா வந்த வழியே போயிரு."

உட்கார்ந்தேன். கறுப்பில் கட்டளை அடிக்கும் இடம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பெங்களூருவில் பார்த்ததுதான்: திரையில் தெரிகிற மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். சீட்டாட்டம் அதில் ஒரு சாமான். அதை உருவியதும் மூட்டை அவிழ்ந்து, மற்றதெல்லாம் யாருக்கும் வேண்டாதது என்று மெஷின் துடைத்துவிட்டிருந்தது. மூட்டையின் பெயரைச் சொல்லித் திரும்ப ஏற்றச் சொன்னேன். அதைவிட நீளமான பட்டியல் வந்தது. சரியா?

விரல் தானாக ஒய்க்குப் போனது. இழுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டினேன். கடைசியில், நீக்கப்படும் என்பதன் கீழே ஒரே ஒரு பெயர்: நெட்டை இணைக்கும் புரோகிராம். அது போனால் திரை வந்தாலும் நெட் வராது. வேண்டாம் என்பதற்கான 'என்' எழுத்தை அழுத்தினேன்.

"ஏம்ல நிறுத்திட்ட?"

"நீங்க நிறுத்தாத லைன நான் நிறுத்திட்டேனுங்க்கா."

அக்கா சிரித்துவிட்டார். அந்தப் புரோகிராமைத் தொடாதபடி கட்டளையை மாற்றி அடித்தேன். இந்த முறை நீக்குவதற்கு ஒன்றுமில்லை. ஒய்.

ஊர்ந்து ஊர்ந்து எல்லாம் நெட்டிலிருந்து இறங்கியது. அணைத்துப் போட்டேன். கறுப்புக்குப் பிறகு நீலம், அதன்மேல் மவுஸின் அம்பு.

"வந்துட்டுல்லா!" என்று அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

இறக்கியதை மற்ற மெஷின்களுக்கும் கொண்டுபோய் ஏற்றினேன். ஷிஃப்ட் விட்டு வந்த ஒருவர் வாசலிலிருந்து, "நெட் இதெயா?" என்று நெட் இருக்கிறதா எனக் கன்னடத்தில் கேட்டார். கடை எனக்கே சொந்தம்போல "இதெ, இதெ!" என்று கத்தினேன்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் அக்கா கொடுத்த முதல் வேலை: "அந்தச் சீட்டாட்டத்த எடுத்துரு."

எடுத்தேன், பட்டியலை முழுக்கப் படித்த பிறகு.