ஓயாமல் கதைத்த ஜூரி

எண்பதுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், சுவிட்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகனில் ஓர் உணவகத்தில் வேலை செய்தேன். அங்கே தலைமைச் சமையல்காரி ஒரு சுவிஸ் பெண்மணி. செம்பட்டை முடி, சிவந்த கன்னம். கை காய்கறி வெட்ட, வாய் கதைத்துக்கொண்டேயிருக்கும்.

தன் ஹோட்டலுக்குத் தானே தீ வைத்ததாக ஒரு பணக்காரர் மீது வழக்கு. ஊரே பேசிய அந்த வழக்கில் எங்கள் சமையல்காரியும் ஜூரிகளில் ஒருவர். குற்றவாளி என்று தீர்ப்பானதும் பணக்காரர் மேன்முறையீடு செய்தார்: விசாரணை முடியுமுன்பே இந்த ஜூரி, "அவன்தான் கொளுத்தினான்" என்று சமையலறையில் சொன்னாராம். சாட்சி நான்!

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "தம்பி, அவ வழக்கைப் பற்றி உம்மோட கதைச்சவவோ?"

"நாள் முழுக்கக் கதைப்பா அண்ணை. எனக்கு விளங்கினது உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான்."

நீதிபதியே விழுந்து விழுந்து சிரித்தார். மேன்முறையீடு தள்ளுபடியானது. சேதி வந்ததும் சமையல்காரி என்னைப் பிடித்துச் சமையலறை முழுக்கச் சுழன்று ஆடினார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. மூச்சு வாங்க, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"இனி நீ ஜெர்மன் படித்துவிடாதே!"

படித்தேன், நன்றாகவே. ஆனால் அன்று அவர் ஆடியது வீண்பழி நீங்கிய மகிழ்ச்சியிலா, தப்பிவிட்ட குதூகலத்திலா என்று மட்டும் இன்னும் விளங்கவில்லை.