ஒன்பது கோணல் சீட்டுகள்

எங்கள் பஸ் டெப்போவில் எந்த வண்டியை யார் ஓட்டுவது என்று தினமும் விடியற்காலையில் கரும்பலகையில் எழுதிப்போடும் டைம் கீப்பருக்கு நாங்கள் வைத்த பெயர் போர்டுக்காரர். அச்சுக் கோத்தது போல எழுத்து. கேட்டுக்கு வெளியே நின்றபடியே எங்கள் வண்டி எண்ணைப் படித்துக்கொள்வோம். கட்சியிலும் அவர் கை சும்மா இருந்ததில்லை. பகுதிக்குழுக் கூட்டத்தின் மினிட்ஸ் நோட்டைப் பத்தொன்பது வருஷமாக அவர்தான் எழுதுகிறார். "கையெழுத்து நல்லா இருக்கறவனுக்குத் தலையெழுத்து நல்லா இருக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவர் மனைவி கேலி செய்வதுண்டு. போன மாநாட்டுக்கு முந்தைய வாரம் அது கேலியாகவே இல்லை.

எங்கள் கட்சியில் தேர்தல் என்றால் கை தூக்குவதுதான். மேலிருந்து ஒரு பட்டியல் வரும். வாசிப்பார்கள், எல்லாக் கையும் உயரும், தட்டுவோம், டீ குடிப்போம். ஒரே செயலாளர் பதினாலு வருஷம் இருந்தது அப்படித்தான். எங்கள் டெப்போ சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மூன்று தடவைக்கு மேல் கூடாது என்று விதி உண்டு. அந்த விதிக்கு விலக்கு என்று இன்னொரு விதியும் உண்டு. இந்தத் தடவை, மாநாட்டுக்கு முந்தைய கூட்டத்திலேயே, தையல் தொழிற்சாலையிலிருந்து வந்த ஓர் அக்கா எழுந்து, "நானும் நிக்கறேன்" என்றுவிட்டார். இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் நடத்தியவர். இருபத்துமூன்றாம் நாள் செயலாளர் அந்தப் பெண்களை ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளியோடு போனில் பேசி முடித்துவிட்டார். அந்தக் கோபம் போர்டுக்காரருக்கும் இருந்தது. 'சுமுகமாக முடிந்தது' என்று மினிட்ஸில் எழுதிய கை அவருடையது அல்லவா.

இரண்டு பேர் நின்றால் ரகசிய வாக்கு. வெள்ளைச் சீட்டில் வேண்டியவர் பெயரை எழுதிப் போட வேண்டும். இங்கேதான் போர்டுக்காரர் மாட்டிக்கொண்டார். ஓட்டுப் போடும் நாற்பத்துமூன்று பேரில் அவர் எழுத்தைத் தெரியாதவர் கிடையாது. போதாக்குறைக்குச் செயலாளர் அவர் மனைவியின் கூடப்பிறந்த பெரிய அண்ணன், அதே வீட்டு மாடியில் குடியிருப்பவர். செயலாளரின் சொந்தத் தம்பி ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்கினார். அன்றோடு சரி, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடச் செயலாளர் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை போர்டுக்காரர் ஒரே வண்டியை இரண்டு டிரைவர்களுக்கு எழுதிவிட்டார். இரண்டு பேரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சண்டை. அவர் போர்டில் நாங்கள் பார்த்த முதல் பிழை.

நான் கண்டக்டர், வாய் கொஞ்சம் நீளம். டீக்கடையில் அவரை விடவில்லை. "என்ன அண்ணே, பயத்துக்கும் ஒரு அளவு வேணாமா? நான் அக்காவுக்குத்தான் போடப்போறேன். எவன் பாத்தா எனக்கென்ன?"

"உனக்கென்னடா, உன் மாடியில மச்சான் இல்ல" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதிப் பழக ஆரம்பித்தார். மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, ஒண்ணாங்கிளாஸ் சேந்துட்டீங்களா?" என்று சிரித்திருக்கிறார். தாளை எடுத்துப் படித்ததும் சிரிப்பு நின்றது.

"இது எங்க அண்ணன் பேரு இல்லையே."

"இல்ல."

அந்த அம்மா தாள்களைச் சுக்குச்சுக்காகக் கிழித்தார். "சின்ன அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வந்தாலே பெரியவரு மூணு நாள் முகம் குடுத்துப் பேசமாட்டாரு. இவரும் இல்லன்னா எனக்குப் பொறந்த வீடுன்னு எது இருக்கு? யாருக்கு வேணா போடுங்க. அவருக்குத் தெரியாம போடுங்க." இதையெல்லாம் மறுநாள் போர்டுக்காரரே என்னிடம் சொன்னார்.

மாநாடு ஒரு பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, பரீட்சையில் பக்கத்துப் பையன் காப்பியடிக்காமல் மறைப்பது போல முழங்கையை வளைத்துக்கொண்டு தோழர்கள் எழுதினார்கள். வாக்குப்பெட்டி ஒரு பிஸ்கட் டின். எண்ணும் மூன்று பேரில் நானும் ஒருவன். போட்டியிடுகிறவர் எண்ணும் மேஜையில் இருக்கக்கூடாது. செயலாளர் இருந்தார். எழுந்திருங்கள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை, எனக்கும்தான்.

செயலாளருக்கு இருபத்துநாலு. அக்காவுக்குப் பத்தொன்பது. கை தட்டினோம். செயலாளர் சிரிக்கவில்லை. கிழித்துப்போட வேண்டிய சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவின் பத்தொன்பதில் பத்து, தொழிற்சாலைப் பெண்களுடையவை. அவர்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள். மீதி ஒன்பதைத் தனியாக மேஜையில் பரப்பினார். எல்லாம் கோணல்மாணல், கோழி கிளறினது போல.

"பதினாலு வருஷமா உங்க எல்லார் ரிப்போர்ட்டும் படிச்சவன் நான். இந்த ஒன்பதும் வேணும்னே கெடுத்து எழுதினது." தலையை நிமிர்த்தினார். "மாப்ள எழுத்து இங்க எங்கயுமே இல்ல."

கூட்டத்தில் அவர் உறவுமுறை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. போர்டுக்காரர் பெஞ்சில் முட்டி இடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்க வேண்டியதே இல்லை, யாரும் நிரூபிக்க முடியாது.

"அதுல ஒண்ணு என்னுது, தோழர். இடது கையால எழுதினேன்."

"எனக்கு எதிரா போட அவ்வளவு பயமா?"

"போடறதுக்குப் பயமில்ல. தெரிஞ்சா நீங்க பேசமாட்டீங்க, என் வீட்டுக்காரிக்குப் பொறந்த வீடு போயிடும். அதுக்குத்தான் பயம்."

செயலாளர் அந்த ஒன்பதை ஒதுக்கிவிட்டு, தனக்கு விழுந்த இருபத்துநாலையும் முன்னால் வைத்துக்கொண்டார். "அப்ப இதுல எத்தனை பேரு என் கண்ணுல படணும்னே அழகா எழுதினீங்க?"

நான் பிஸ்கட் டின்னின் மூடியைத் தேட ஆரம்பித்தேன்.

நாலு நாள் மாடியிலிருந்து அவர் கீழ் வீட்டுக்கு வரவில்லை. போர்டுக்காரரின் மனைவி படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றிருக்கிறார். ஐந்தாம் நாள் சத்தம் கீழ் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே வந்து தங்கையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மச்சானிடம் பேசினார். ஆனால் இப்போதெல்லாம் பேச்சு ஒன்றுதான்: "அந்த இருபத்துநாலுல நெஜமாவே எனக்குப் போட்டது யாரு மாப்ள?" தூக்கம் இல்லை, சாப்பாடு சரியில்லை. மனுஷன் அரைச்சதையே அரைக்கிறார்.

போர்டுக்காரர் அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார். "நீயாவது சொன்னபடி அக்காவுக்குப் போட்டவன். சீட்டையும் எண்ணினே. உனக்குத் தெரிஞ்சிருக்குமே, யாரு மனசாரப் போட்டாங்கன்னு?"

"எனக்கெப்படிண்ணே தெரியும்" என்றேன்.

ஒரு சீட்டைப் பற்றி மட்டும் தெரியும். அந்த வாரம் என் இடமாற்ற மனு சங்கத்தின் சிபாரிசுக்காகச் செயலாளர் மேஜையில் கிடந்தது. முழங்கையால் மறைக்காமல், அவர் பெயரை இனிஷியலோடு, என்னால் முடிந்தவரை தெளிவாக எழுதினேன்.